தழும்பை அழிக்கலாமா?

"மாமா, இதை எடுத்துவிடச் சொல்லட்டுமா?"

என் மருமகன் இப்படிக் கேட்டபோது நாங்கள் இருவரும் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். என் அக்கா காலமாகி எட்டு நாள் ஆகியிருந்தது. கருமாதிக்குள் அவள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

வீட்டில் தேடிப் பார்த்ததில் அக்கா தனியாக இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. இரண்டு வருஷங்களுக்கு முன் அவள் பேத்தி கைபேசியில் எடுத்தது. திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தெருவில் நல்ல வெயில். ஓட்டுச் சார்ப்பின் நிழல் முகத்தில் பாதியை மூடிவிட்டது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள்தாம் தெரிந்தன.

ஸ்டூடியோப் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். "அது ஒன்றும் பிரமாதமில்லை சார். பிரஷ் போட்டால் வந்துவிடும்" என்றான். திரையில் ஒரு சிறு வளையம் தோன்றியது. அதை அக்காவின் நெற்றியிலும் கண்களின் மேலும் மெதுவாகத் தேய்த்தான். பனி விலகுவதுபோல் நிழல் விலகியது. அக்காவின் கண்கள் வெளியே வந்தன. அவள் எப்போதும் பார்க்கும் பார்வைதான். யாராவது சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்களா என்று தேடும் பார்வை. மருமகன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அப்போது எங்களில் யாருக்கும், இப்படிச் செய்யலாமா, கூடாதா என்ற கேள்வி எழவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு அந்தப் பையன் அதே வளையத்தை இடது கன்னத்துக்குக் கொண்டுவந்தான். எந்த இடத்தைத் தொட்டிருக்கிறோம் என்பது தெரிவதற்காக, தொட்ட இடத்தின் மேல் சிவப்புச் சாயம் படர்ந்ததுபோல் காட்டும் வசதி ஒன்று அந்த மென்பொருளில் இருக்கிறது. கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரையில் அக்காவின் கன்னம் சிவந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கன்னத்தை அந்த நிறத்தில் நான் அதற்கு முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

"எடுத்துவிடச் சொல்லட்டுமா?" என்று மருமகன் கேட்டது அப்போதுதான். அவன் தப்பாக எதுவும் கேட்டுவிடவில்லை. தாயை அழகாகப் பார்க்க ஆசைப்படாத பிள்ளை உண்டா? ஆனால் எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றிரவு தூங்கவில்லை. அன்று என்னோடு நானே நடத்திய வழக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். தீர்ப்பு எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போகலாம்.

முதலில், படத்தைத் தொடுவதே பொய்யா என்பதைப் பார்க்க வேண்டும். "காமிரா பொய் சொல்லாது" என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. காமிராவுக்குப் பொய் சொல்லத் தெரியாமலிருக்கலாம். ஆனால் உண்மையை முழுவதும் சொல்லவும் அதற்குத் தெரியாது. நம் கண் வெயிலைப் பார்க்கும்போது சுருங்குகிறது, நிழலைப் பார்க்கும்போது விரிகிறது. திண்ணைக்கும் தெருவுக்கும் மாறி மாறிப் போய்வந்து, இரண்டையும் சேர்த்து மனத்துக்குள் ஒரே காட்சியாகக் கட்டிக்கொள்கிறது. காமிரா அப்படிப் போய்வர முடியாது. ஒரு நொடியில் ஓர் அளவு ஒளியை வாங்கிக்கொண்டு மூடிக்கொள்கிறது. திண்ணைக்கு எதிரே நின்ற பேத்தி தன் பாட்டியின் கண்களைக் குழிகளாகவா பார்த்தாள்? கண்களாகத்தான் பார்த்தாள். ஆகவே நிழலை விலக்கிய அந்தப் பையன் உண்மையைக் கெடுக்கவில்லை. கருவி தவறவிட்டதை எடுத்துக் கொடுத்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

இது கம்ப்யூட்டர் வந்து செய்த மாயமும் அல்ல. பழைய இருட்டறையிலும் இந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. என்லார்ஜர் விளக்கின் ஒளி நெகடிவ் வழியாகக் கீழே உள்ள காகிதத்தில் விழும். ஒளி அதிகம் பட்ட இடம் கறுக்கும். குறைவாகப் பட்ட இடம் வெளுக்கும். முகம் கறுத்துவிடும் போலிருந்தால், கம்பி நுனியில் ஒட்டிய ஒரு வட்ட அட்டையை நடுவில் நீட்டிச் சில வினாடிகள் ஒளியைத் தடுப்பார்கள். அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் பிடித்தால் அதன் விளிம்பு படத்தில் பதிந்து, செய்த காரியத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். இதற்கு 'டாட்ஜிங்' என்று பெயர். வானம் வெளுத்திருந்தால் கையைக் குவித்து, அதன் நடுவில் விட்ட ஓட்டை வழியாக அந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒளி பாய்ச்சுவார்கள். அது 'பர்னிங்'. இன்றைக்கும் ஃபோட்டோஷாப்பில் இந்த இரண்டு கருவிகளுக்கும் அடையாளமாகப் போட்டிருப்பது அந்தக் கம்பி அட்டையும் குவிந்த கையுமே. 2008-ல் வந்த லைட்ரூம் இரண்டாம் பதிப்பு இதையே தூரிகையாக்கிக் கொடுத்தது. அங்கேயும் வளையத்துக்குள் இன்னொரு வளையம் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறையும். அட்டையை ஆட்டுவதும் இந்த மழுங்கலும் ஒரே நோக்கம் உடையவை. கை பட்டது தெரியக் கூடாது! கதை எழுதுகிற எனக்கு இந்த ரகசியம் புதிதல்ல.

அமெரிக்கரான ஆன்ஸல் ஆடம்ஸ் 1941-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நியூ மெக்ஸிகோவில் காரில் போய்க்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுந்திருந்தது. கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசி வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஒளியை அளக்கும் கருவி அவசரத்தில் அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் இன்ன அளவு என்று மனத்தில் இருந்த கணக்கை வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. அந்த ஒரு நெகடிவிலிருந்து பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை அவர் தம் கையாலேயே எடுத்தார். ஆரம்ப காலப் பிரதிகளில் மேல் வானத்தில் மேகத் தீற்றல்கள் தெரிகின்றன. பிற்காலப் பிரதிகளில் வானம் ஏறக்குறைய கருங்கடலாகி, நிலா தனியாக நிற்கிறது. வருஷம் ஏற ஏற அவர் அந்த வானத்தை இன்னும் கறுக்க வைத்துக்கொண்டே போனார். நெகடிவ் என்பது ஸ்வரம் எழுதிய தாள், பிரதி என்பது அதைப் பாடிக் காட்டும் கச்சேரி என்பது அவருடைய கட்சி. நம் வித்துவான்கள் கேட்டால் தலையாட்டி ஆமோதிப்பார்கள். ஒரே கீர்த்தனத்தை முப்பது வயதில் பாடியதுபோல் அறுபது வயதில் யார் பாடுகிறார்கள்?

இதுவரை எல்லாம் சுகமாக இருக்கிறது. வானத்துக்கு வழக்குத் தொடுக்கத் தெரியாது. மனித முகத்துக்கு வரும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது.

1994 ஜூனில் அமெரிக்காவில் ஓ. ஜே. சிம்ஸன் என்ற புகழ்பெற்ற கறுப்பு இன விளையாட்டு வீரர் கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார். போலீஸ் எடுத்த அவர் படத்தை 'டைம்', 'நியூஸ்வீக்' என்ற இரண்டு பத்திரிகைகளும் ஒரே வாரத்தில் அட்டையில் போட்டன. 'நியூஸ்வீக்' உள்ளது உள்ளபடி போட்டது. 'டைம்' ஓர் ஓவியரிடம் கொடுத்து, படத்தைக் கறுக்க வைத்து, ஓரங்களை இருளில் அமிழ்த்திப் போட்டது. வாங்கிப் பார்த்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொதித்துப் போனார்கள். அதில் ஒரு மீசைகூடப் புதிதாக வரையப்படவில்லை. ஒரு கத்திகூடக் கையில் கொடுக்கப்படவில்லை. வெறும் இருட்டுத்தான். ஆனால் விசாரணை தொடங்குவதற்கு முன்பே அந்த இருட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன வேற்றுமையை மனத்தில் வைத்துச் செய்யவில்லை என்று பத்திரிகையின் ஆசிரியர் பிறகு விளக்கம் எழுதினார். செய்யாமலிருந்திருக்கலாம். கறுப்பாக்கினால் மனிதன் பயங்கரமாகத் தோன்றுவான் என்ற எண்ணம் கை நுனியிலேயே குடியிருந்தால், மனத்தில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை அல்லவா?

இதைப் படித்து, "வெள்ளைக்காரன் அப்படித்தான்" என்று நாம் நாற்காலியில் சாய்ந்துகொள்ள வேண்டாம். நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், கழுத்து வேறு நிறம், மருதாணிக் கை மூன்றாவது நிறம். யாரும் சொல்லாமலே ஸ்டூடியோக்காரர் முகத்தில் தூரிகையை ஓட்டியிருப்பார். "இது யாருடி?" என்று பாட்டி கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விஷயந்தானா? அங்கே கறுப்பாக்கியதும் ஒருவன் கொடியவனாகத் தோன்றினான். இங்கே வெளுப்பாக்கினால்தான் ஒருத்தி லட்சணமாகத் தோன்றுகிறாள். இரண்டு தூரிகையும் ஒரே கிண்ணத்தில் தோய்த்தவை.

பத்திரிகைப் படக்காரர்கள் இதற்கெல்லாம் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். கூட்டாதே, கழிக்காதே, வெளிச்சத்தை அளவோடு சரிசெய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். ஸ்வீடன் நாட்டுக்காரரான பால் ஹான்ஸன் 2012 நவம்பரில் காஸாவில் எடுத்த படம் ஒன்று மறு ஆண்டில் உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு பெற்றது. குண்டுவீச்சில் இறந்த இரண்டு சிறு குழந்தைகளைத் துணியில் சுற்றி, ஆண்கள் ஒரு சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வெளிச்சம் ஏதோ சித்திரம் எழுதினதுபோல் அவர்கள் முகங்களில் விழுகிறது. இது பல படங்களை ஒட்டியது என்று 2013-ல் ஒரு புகார் கிளம்பியது. நிபுணர்கள் மூலப் பதிவை வாங்கிப் பரிசோதித்தார்கள். படம் முழுவதிலும், ஆங்காங்கே தனித்தனி இடங்களிலும் நிறமும் ஒளியும் மாற்றப்பட்டிருக்கின்றன. ஒட்டு வேலை எதுவும் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். பரிசு நிலைத்தது.

ஆனால் 2003-ல் வட கரோலினா மாநிலத்தில் ஒரு பத்திரிகைப் படக்காரருக்கு அளித்த மூன்று பரிசுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவரும் எதையும் ஒட்டவில்லை, வெட்டவில்லை. பின்னணியைக் கறுக்க வைத்தார். கறுத்துக் கறுத்துப் பின்னால் இருந்தது எதுவுமே தெரியாமல் போய்விட்டது. கழிக்காமலே கழித்துவிட்டார்! எந்த வினாடி வரையில் அது சரி செய்தலாக இருந்தது, எந்த வினாடியிலிருந்து அழித்தலாக மாறியது? குவியலிலிருந்து ஒவ்வொரு நெல்லாக எடுத்துக்கொண்டே போனால், எந்த நெல்லை எடுத்தபோது அது குவியலாக இல்லாமல் போயிற்று என்று யாரால் சொல்ல முடியும்? சட்டத்தால் கையைத்தான் அளக்க முடிகிறது.

எனக்குத் தோன்றியது வேறொன்று. படம் முழுவதற்கும் ஒளியைக் கூட்டுவது மழை பெய்வதுபோல. நெல், புல் எல்லாவற்றுக்கும் ஒரே நீர். தூரிகை அப்படியல்ல. ஒரு குடம் நீரைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரே ஒரு செடிக்கு ஊற்றுவது. நியாயம் என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறோம். கருணையோ ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் போகிறது. பட்சபாதமும் அப்படித்தான் போகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி குனிந்து, ஒரே மாதிரி ஊற்றுகின்றன. குடம் தூக்கியவனுக்கு அந்தச் செடியிடம் என்ன காரியம் என்று விசாரித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஆகவே என்னை நானே விசாரிக்க வேண்டியதாயிற்று.

அக்காவின் படத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர் கை வைப்பது இது முதல் தடவை அல்ல. 1964-ல் அவளுக்கு வரன் பார்த்தபோது அப்பா அவளைப் படம் எடுக்க அழைத்துப் போனார். அந்தக் காலத்தில் நெகடிவைச் சாய்வான கண்ணாடிப் பலகையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசிபோல் சீவிய பென்ஸிலால் புள்ளி புள்ளியாகத் தீட்டுவார்கள். நெகடிவில் பென்ஸில் பட்ட இடம் படத்தில் வெளுத்து வரும். 'டச்சிங்' என்று அதற்குப் பெயர். அம்மைத் தழும்பு, கருவளையம் எல்லாம் அதில் போய்விடும். அக்காவின் கன்னத்தில் இருந்த கருத்துச் சுருங்கிய தழும்பும் போயிற்று. படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். அக்கா காபி கொண்டுவந்து வைத்து நிமிர்ந்தபோது பிள்ளையின் தாயார், "போட்டோவிலே இதைக் காணோமே!" என்றாள். குரலை உயர்த்தவில்லை; மெதுவாகத்தான் சொன்னாள். வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடிதம் வரவில்லை.

மறுபடியும் படம் எடுக்க அப்பா கூப்பிட்டபோது, "இருக்கிறதை எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எனக்குப் படமே வேண்டாம்" என்றாள் அக்கா. அப்பாவிடம் அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அத்தான் அந்த இரண்டாவது படத்தைப் பார்த்துத்தான் வந்தார்.

இதை நினைத்ததும், "ஆயிற்று, அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள், தழும்பு இருக்கட்டும்" என்று அந்த இரவிலேயே நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். தூங்க விடாத ஒன்று பாக்கி இருந்தது.

அந்தத் தழும்பை உண்டாக்கினவன் நான்.

எனக்கு அப்போது எட்டு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அம்மா ஊரில் இல்லாத ஒரு நாள் அக்கா சமையலறையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து வீட்டுப் பையனைத் துரத்திக்கொண்டு கொல்லைப் பக்கத்திலிருந்து ஓடிவந்தேன். "ஓடாதேடா" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் ஓடினேன். அவள் முழங்கையில் இடித்தேன். பானை சரிந்தது. அப்பா ஓடிவந்து, "எப்படி ஆயிற்று?" என்று கேட்டபோது, அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "கை நழுவிவிட்டது" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "நான்தான்" என்று சொல்ல ஒரு நிமிஷம் அவகாசம் இருந்தது. அந்த நிமிஷம் கடந்தது. பிறகு வருஷங்கள் கடந்தன. அவள் தன் பிள்ளைகளுக்கும் பேரக் குழந்தைகளுக்கும் அதே கதையைத்தான் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லியிருக்கிறாள். கஞ்சி வடிக்கும்போது கவனம் வேண்டும் என்று பேத்திக்குப் புத்தியும் சொல்லியிருக்கிறாள்!

யோசித்துப் பார்த்தால், அவளும் ஒரு தூரிகை வைத்திருந்தாள். தன் முகத்தில் உள்ளதைத் தொடாதே என்று சொன்னவள், என் மேல் இருந்த கறையை மட்டும் ஆயுள் முழுவதும் தொட்டுத் தொட்டு அழித்துக்கொண்டே இருந்தாள். அது பொய்தான். அந்தப் பொய்யின் நிழலில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், உத்தியோகம் பார்த்தேன், கதை எழுதினேன். நூற்றுக்கு மேல் கதை எழுதியிருக்கிறேன். எத்தனையோ அக்காள்கள் அவற்றில் வருகிறார்கள். ஒருத்தி கன்னத்திலாவது நான் தழும்பு வைத்ததில்லை. அந்த இரவில்தான் இது எனக்குத் தெரிந்தது.

இப்போது வழக்கைப் பாருங்கள். தழும்பை எடுத்துவிடு என்று நான் சொன்னால், அது அக்காவின் அழகுக்காகவா, என் தடயத்துக்காகவா? இருக்கட்டும் என்று சொன்னால், அது அவள் விருப்பத்துக்காகவா, தினமும் பார்த்துப் பார்த்து நான் பிராயச்சித்தம் செய்துகொள்வதற்காகவா? என் பாவத்தைத் தொங்கவிட அவள் முகந்தானா ஆணி? எந்தப் பக்கம் போனாலும் குடத்தைத் தூக்கியிருப்பது என் கைதான். எனக்கு அந்தச் செடியிடம் காரியம் இருக்கிறது. இப்படிப்பட்டவன் தீர்ப்புச் சொல்ல உட்காரக் கூடாது என்பது சாதாரண நீதிமன்றங்களிலும் உள்ள வழக்கம்.

விடிந்ததும் மருமகனை அழைத்துத் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். எட்டு வயதில் சொல்ல வேண்டியதை எழுபத்தாறு வயதில் சொல்வது அத்தனை சுலபமாக இல்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும் நெடுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா எங்களிடம் வேறு மாதிரி சொன்னாள்" என்றான். அதில் கோபம் இருந்ததா, ஆச்சரியம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நீயே முடிவு செய்" என்றேன்.

ஸ்டூடியோவில் அந்தப் பையன் வேலையை அப்படியே வைத்திருந்தான். மூலப் படம் கெடுவதில்லையாம். நாம் செய்யும் மாற்றங்கள் மேலே தனிக் குறிப்புகளாகத்தான் நிற்குமாம். வேண்டாம் என்றால் ஒவ்வொன்றாக விலக்கிக்கொள்ளலாம். இது எத்தனை பெரிய வசதி என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"கன்னம் இருக்கட்டும் தம்பி. கண்ணில் கொடுத்த வெளிச்சம் மட்டும் போதும்" என்றான் மருமகன்.

பையன் சிவப்பை விலக்கினான். அப்போதுதான் மருமகன் கவனித்துவிட்டு, "அம்மா இத்தனை சிவப்பில்லையே!" என்றான். பையன் வெட்கப்பட்டுக்கொண்டு, "எல்லோருக்கும் கொஞ்சம் போடுவதுதான் சார்" என்று அதையும் எடுத்துவிட்டான்.

படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கருமாதிக்கு வந்த உறவினர்கள் கண்களைப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கிறாள்" என்றார்கள். தழும்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேரக் குழந்தைகளுக்கு இன்னும் பாட்டி சொன்ன கதைதான் தெரியும். அதை மாற்றிச் சொல்வதா என்று மருமகன் என்னைக் கேட்கவில்லை. நானும் இன்னும் கேட்கவில்லை.